கொட்டுக்கோல் பிடிக்கும் முறை: பள்ளி டிரம் முதல் பறை வரை

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை என்று தொடங்கி முப்பதுக்கு மேற்பட்ட தோற்கருவிகளைப் பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறார். தொல்காப்பியமோ ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் ஒன்றாக வைத்தது. இவ்வளவு பெயர்களைப் படித்த பிறகும் ஒரு சிறுவன், "கோலை எந்த விரலால் பிடிக்கணும் தாத்தா?" என்று கேட்டால் அந்தப் பட்டியல் பதில் சொல்லாது. அந்தப் பாடம் ஆசான் கையிலிருந்து மாணாக்கன் கைக்குப் போனது.

இந்தக் கேள்வி நம் தீவில் ஆண்டுதோறும் எழுகிறது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. ஆனால் டிசம்பர் வந்தால் குடியரசு தின அணிவகுப்புக்காகப் பள்ளிகளில் டிரம் சத்தம் கேட்பது மாறவில்லை. என் கடைக்கு வந்து சைடு டிரம் குச்சி கேட்கும் பெற்றோரில் நம்மவர்களும் நிறைய. அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் பிடி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குச்சியைத் தாங்கும் இடமே அச்சு. தராசு நடு ஆணியில் ஆடுவது போலக் குச்சி அங்கே ஆட வேண்டும். மற்ற மூன்று விரல்களும் சும்மா தழுவி நிற்கும். குச்சியை இறுக்கிப் பிடித்தால் அது துள்ளாது. ஒரு முறை விழுந்த குச்சி தோலின் வேகத்தில் தானே எழும். அந்தத் துள்ளலைக் கெடுக்காமல் வாங்கிக்கொள்வதில்தான் பாதி வித்தை இருக்கிறது. டிரம்மைச் சாய்வாகத் தொங்கவிட்டு அடித்த காலத்தில் இடது உள்ளங்கை மேல்நோக்க, குச்சியை விரல்களுக்கு இடையே வைப்பார்கள். இப்போது இரு கையும் ஒரே மாதிரி பிடிக்கப் பல இடங்களில் சொல்லித் தருகிறார்கள்.

அடுத்தது அடிகள். 1933-இல் அமெரிக்க டிரம் வாசிப்பாளர்கள் சங்கம் அமைத்து 13 அடிப்படை அடிகளை வகுத்தார்கள். அது 26 ஆகி, 1984-இல் இன்னொரு சங்கத்தின் பட்டியலில் 40 ஆயிற்று. பிள்ளைக்கு முதல் வருஷம் மூன்று போதும். ஒற்றையடி: வலம், இடம், வலம், இடம். இரட்டையடி: வலம் வலம், இடம் இடம், இரண்டாவது தட்டு துள்ளலிலிருந்து வரும். மூன்றாவது பாரடிடில்: வலம் இடம் வலம் வலம், இடம் வலம் இடம் இடம். இது எதற்கு என்றால், ஒவ்வொரு நாலுக்கும் முதல் அடி கை மாறி விழுகிறது. அழுத்தத்தை எந்தக் கையிலும் வைக்கும் பழக்கம் இதனால் வரும்.

இதை வாயால் சொல்லிப் பழகுவது நம் முறை. தகதிமி என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே 'த'வில் மட்டும் அழுத்தி அடிக்கட்டும். வாய் தடுமாறும் வேகத்தில் கை ஓடினால் அது ஓட்டமே தவிர வாசிப்பு ஆகாது.

பழக டிரம் வேண்டியதில்லை. செண்டை பயிலும் மலையாளப் பிள்ளைகள் புளியங்கோலால் கருங்கல்லில் தட்டித்தான் தொடங்குகிறார்கள். கல்லில் துள்ளல் குறைவு, மணிக்கட்டுக்கு வேலை அதிகம். நான் சமணக் குடும்பத்தில் பிறந்தவன்; தோல் கருவியை வீட்டுக்குள் கொண்டுவர மனம் ஒப்பவில்லை. படாக் மரப்பலகை ஒன்றில் பழைய ரப்பர் துண்டை ஒட்டிப் பேரனுக்குக் கொடுத்தேன். இந்தத் தீவின் ஆதி மக்களான கிரேட் அந்தமானியர்கள் தோலே இல்லாத தாளக்கருவி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது: கேடயம் போன்ற மரப்பலகையைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துத் தாளம் கொடுப்பார்கள். ராட்கிளிஃப்-பிரவுன் 1922-இல் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார்.

இனி பறை. இங்கேதான் பல வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது. "டிரம் அடிக்கட்டும் ஐயா, பறை எதுக்கு? சாவு மேளமாச்சே" என்று என் கடையிலேயே சொன்னவர்கள் உண்டு. சாமிச்சாட்டுக்கு ஓர் அடி, சப்பரத்துக்கு ஓர் அடி, வாழ்த்துக்கு ஓர் அடி என்று தனித்தனியாக உள்ள கருவியை ஒரே சடங்கில் அடைத்து வைத்தது சாதி. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்ததைச் சொன்னால் இப்போது கொஞ்சம் காது கொடுக்கிறார்கள். விருதைக் காட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பது எனக்கு வருத்தம்.

சைடு டிரம் பழகிய பிள்ளை பறையை எடுத்தால் முதல் வாரம் திணறும். அங்கே இரண்டு குச்சியும் ஒன்று போல. இங்கே அப்படி இல்லை. வலக்கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. இடக்கையில் மெல்லிய நீண்ட மூங்கில் சிம்புக்குச்சி. பறை இடது தோளில் தொங்க, இடக்கை சட்டத்தின் மேல் படிந்திருக்கும். ஆகவே இடது மணிக்கட்டை டிரம்மில் தூக்குவது போலத் தூக்க முடியாது. விரல்தான் சிம்பைச் சுண்ட வேண்டும். சிம்பு தோலில் படிந்து விழுந்து 'சட்' என்று பேசும். அடிக்குச்சி கனத்துப் பேசும். இரண்டும் சேர்ந்து விழுவது மூன்றாவது ஒலி. இதற்குச் சொல்லும் சொற்கட்டு குழுவுக்குக் குழு மாறும். பிள்ளைக்கு வலம் மட்டும் ஒரு வாரம், சிம்பு மட்டும் ஒரு வாரம், பிறகு சேர்த்து என்று கொடுத்தால் பிடிபட்டுவிடும். டிரம்மில் பழகிய ஒற்றையடி அப்போது கைகொடுக்கும்.

ஒரு சிக்கல் மட்டும் நம் ஊருக்கே உரியது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் தோல் விரைவில் தொய்ந்துவிடும். ஊரில் வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டுவார்கள். தோல் விறைத்ததும் ஒலி ஏறும். இங்கே மாடிக் குடியிருப்பில் அது நடக்காது. ஆகவே பழகுவதற்கு ஃபைபர் முகம் போட்ட பறையை வாங்குங்கள். மழையில் தொய்யாது, அனலும் வேண்டாம். என் போன்றவர்கள் வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம்.