டோன் எங்கே இருக்கு? கிட்டார் வாங்கப் போறவங்களுக்கு ஒரு சர்க்யூட் விளக்கம்

"அண்ணா, பட்ஜெட் பதினஞ்சாயிரம். எந்த கிட்டார் வாங்கலாம்?"

மியூசிக் கிளப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஜூனியர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அடுத்தது எந்த ஆம்ப், அதுக்கடுத்தது எந்த பெடல். "நான் எழுதின பாட்டை எப்படி ரெக்கார்ட் பண்றது?" என்று கேட்கிறவங்க ரொம்பக் குறைவு. ஆனா பணம் எங்கே போகணும் என்பதை முடிவு செய்வதே அந்தக் கடைசிக் கேள்விதான்.

ஹாஸ்டல் அலமாரி மேலே தூசி படிந்து கிடக்கும் கிட்டார்களைப் பார்த்திருப்பீங்க. "வேலைக்குப் போய், நல்ல கியர் வாங்கி, அப்புறம் பாட்டுப் போடலாம்" என்று தள்ளி வைத்தவர்களுடையவை அவை. எட்டாவது செமஸ்டர் முடிந்ததும் பேண்டில் ஒருத்தர் பெங்களூரு, ஒருத்தர் கோயம்புத்தூர், ஒருத்தர் வீட்டிலே. அதனால நல்ல டோன் எங்கிருந்து வருது என்று இப்பவே கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேவையான கணக்கு எல்லாம் இரண்டாவது செமஸ்டரிலேயே படிச்சதுதான்.

பிக்கப் என்பது ஒரு ஆர்.எல்.சி. சர்க்யூட்

எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்பில் இருப்பது காந்தமும் அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செப்புக் கம்பியும்தான். மேலே எஃகு தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் மாறும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே விதி, அவ்வளவுதான். கிட்டாரின் அடித் தந்தி 82.4 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆனால் அதனுடன் 165, 247, 330 என்று ஹார்மோனிக்ஸும் சேர்ந்தே வரும். இந்த ஹார்மோனிக்ஸ் எந்த அளவில் கலந்து வருகின்றன என்பதைத்தான் நாம் டோன் என்கிறோம்.

சுருளுக்கு இண்டக்டன்ஸ் உண்டு, கேபிளுக்கு கெபாசிடன்ஸ் உண்டு. ரெண்டும் சேர்ந்தால் ஒரு ரெசொனன்ஸ் வரும். உதாரணத்துக்கு பிக்கப் 2.5 ஹென்ரி, அதன் சொந்த கெபாசிடன்ஸ் 100 பிக்கோஃபாரட், கேபிள் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வையுங்கள். 5 மீட்டர் கேபிளில் மொத்தம் 600 பிக்கோஃபாரட், ரெசொனன்ஸ் சுமார் 4,100 ஹெர்ட்ஸ். அதே கிட்டாரை 10 மீட்டர் கேபிளில் மாட்டினால் அது சுமார் 3,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதாவது கிட்டார் மாறவில்லை, விரல் மாறவில்லை, ஆனா சத்தம் மங்கிவிட்டது. "என் கிட்டார்ல ஷார்ப்னெஸ் இல்ல" என்று சொல்லி புது கிட்டார் தேடுகிறவங்க முதலில் கேபிள் நீளத்தைப் பார்க்கலாம்.

எந்த மரம் என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. ஆனால் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பில் இருந்து நெக் பக்கத்துக்கு ஸ்விட்சைத் தள்ளினால் வரும் வித்தியாசம் யார் காதுக்கும் கேட்கும். பிரிட்ஜ் அருகே அடிப்படை அதிர்வின் வீச்சு குறைவு, அதனால் மேல் ஹார்மோனிக்ஸ் தூக்கலாக இருக்கும். நெக் அருகே அடிப்படை பலமாக வரும், சத்தம் உருண்டையாக இருக்கும். இதற்குக் காசே வேண்டாம்.

50 ஹெர்ட்ஸ் தொல்லை

ஒற்றைச் சுருள் பிக்கப் தந்தியை மட்டும் கேட்பதில்லை. பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார், ட்யூப்லைட் என்று எது இருந்தாலும் அதன் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் பிடித்துத் தரும். கிப்சன் நிறுவனத்தில் இருந்த செத் லவர் 1955ல் இதற்குக் காப்புரிமை விண்ணப்பம் போட்டார். அவர் செய்தது இதுதான்: இரண்டு சுருள்கள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றியவை, காந்த முனைகளும் எதிரெதிர். வெளியில் இருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக வந்து அடிபட்டுப் போகும். தந்தியின் சிக்னல் மட்டும் கூடும். டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயரில் காமன் மோட் படிச்சவங்களுக்கு இது உடனே புரியும். அதுதான் ஹம்பக்கர். சுத்தமான, பளிச்சென்ற சத்தம் வேணும்னா ஒற்றைச் சுருள். இரைச்சல் மிகுந்த வீட்டில் டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கணும்னா ஹம்பக்கர். இந்த ஒரு முடிவு பிராண்ட் பெயரைவிட முக்கியம்.

டிஸ்டார்ஷன் என்பது அலையின் தலையை வெட்டுவது. டியூப் ஸ்க்ரீமர் மாதிரி பெடல்களில் ஆப்-ஆம்பின் ஃபீட்பேக்கில் டையோடுகள் உட்கார்ந்திருக்கும், வெட்டு மென்மையாக இருக்கும். டையோடுகளை வெளியீட்டில் இருந்து கிரவுண்டுக்கு மாட்டினால் வெட்டு கடுமையாகும். வெட்டிய அலையில் புது ஹார்மோனிக்ஸ் பிறக்கும். இரண்டு ஸ்வரம் சேர்த்து வாசித்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூடப் பிறக்கும். 220ம் 330ம் வாசித்தால் 110ம் 550ம் வரும். எல்லாமே 110ன் மடங்கு, அதனால் பவர் கார்ட் கம்பீரமாக ஒலிக்கிறது. அதே டிஸ்டார்ஷனில் ஒரு செவன்த் கார்டை வாசித்தால் குழம்பிப் போவதும் இதனால்தான். பெடலைக் குறை சொல்லிப் பயனில்லை.

பாட்டு முதலில், கருவி பிறகு

நம்ம பக்கத்தில் கியர் முடிவுக்கு ஒரு சிறந்த உதாரணம் கிட்டார்காரர் இல்லை, மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். 1969ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2014ல் மறைந்தவர். மேற்கத்திய மாண்டலினில் எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. தட்டியவுடன் சத்தம் செத்துவிடும். கர்நாடக சங்கீதத்துக்கு ஸ்வரம் நீண்டு நிற்கணும், கமகம் வளையணும். ஒரு ஜோடித் தந்தியை ஒரே அளவில் வளைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு முழு ஸ்வரம் ஏற்ற அதிர்வெண் 1.122 மடங்காகணும். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதம், ஆகவே இழுவிசை சுமார் 26 சதவீதம் கூடணும். இரண்டு தந்தியிலும் அது ஒரே மாதிரி கூடவில்லை என்றால் அபஸ்வரம்தான்.

அவர் எலக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறினார். ஜோடிகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் வைத்துக்கொண்டார். இசைக்கு எது தேவையோ அதிலிருந்து கருவி வந்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்த பிரசன்னா எலக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிப்பதும் இதே வழியில்தான். தமிழ்ப் பாட்டு எழுதுகிறவங்க இதைக் கவனிக்கணும். உங்க மெட்டில் வளைவுகள் அதிகம்னா மெல்லிய தந்தி செட், அதாவது 9ல் தொடங்குவது, உதவும். வெறும் ஸ்ட்ரம்மிங்தான்னா கொஞ்சம் தடித்தது போதும். இது சில நூறு ரூபாய் விஷயம்.

வெளியூரிலும் இதே கதைதான். குயீன் இசைக்குழுவின் பிரையன் மே 1963ல், பள்ளி மாணவராக இருந்தபோது, எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த தன் அப்பாவுடன் வீட்டிலேயே கிட்டார் செய்ய ஆரம்பித்தார். கழுத்துக்குப் பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டம், ட்ரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். கடையில் கிட்டார் வாங்கக் காசில்லை என்பதுதான் காரணம். பிற்பாடு உலகம் முழுக்க மேடைகளில் வாசித்ததும் அதே கிட்டாரைத்தான்.

எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் படித்த டாம் ஷோல்ஸ், போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே வீட்டு நிலவறையில் பாட்டுகளைப் பதிவு செய்தார். 1976ல் வந்த 'பாஸ்டன்' ஆல்பத்தின் பெரும்பகுதி அங்கே உருவானது. அதே 1976ல்தான் நம்ம ஊரில் 'அன்னக்கிளி' வந்தது. அதற்கு முன் இளையராஜா சலில் சௌத்ரி போன்றவர்களின் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவர். ரெண்டு பேருமே பெயர் வருவதற்கு முன்னாடி கையில் இருந்த கருவியில் வருஷக்கணக்காக வேலை செய்திருக்காங்க.

செட்டியார்பட்டியில் ஒரு ஸ்டூடியோ

இப்போ ராஜபாளையம் பக்கம், எங்க செட்டியார்பட்டி மாதிரி ஒரு ஊரில் ரெக்கார்டிங் எப்படி? முதல் பிரச்சினை தறிச் சத்தம். ஆனால் எலக்ட்ரிக் கிட்டாரை ஆடியோ இண்டர்ஃபேஸில் நேரடியாகச் செருகினால் காற்றில் வரும் சத்தம் அதற்குள் நுழையவே நுழையாது. ஆம்பே வேண்டாம். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருள் நிஜ ஆம்ப்களின் நடத்தையைக் கற்றுக்கொண்டு அப்படியே ஒலிக்கும். ஆக, வீட்டில் பதிவு செய்யணும்னா ஆம்ப் வாங்கும் காசு முழுசா மிச்சம்.

லேப்டாப்பில் பஃபர் அளவைப் பாருங்கள். 48,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிசெகண்ட். ஆம்பில் இருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். 1,024 வைத்தால் 21 மில்லிசெகண்ட், தாளம் கையில் நிற்காது. "எனக்கு டைமிங் வரல" என்று நொந்துகொள்வதற்கு முன் இதைச் சரி பார்க்கலாம்.

குரல்தான் கஷ்டம். ஜமுக்காளமும் மெத்தையும் சுவரில் தொங்கவிட்டால் அறைக்குள் எதிரொலி குறையும். ஆனால் வெளியில் இருந்து வரும் தறியின் தடதடப்பை அவை நிறுத்தாது. தாழ்ந்த அதிர்வுகளைத் தடுக்கச் சுவருக்குக் கனம் வேண்டும், துணிக்கு அது கிடையாது. எனவே விலை உயர்ந்த கண்டென்சர் மைக்கைவிட ஒரு சாதாரண டைனமிக் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடிப்பது நல்லது. 40 சென்டிமீட்டரில் இருந்து 10 சென்டிமீட்டருக்கு வந்தால் உங்க குரல் சுமார் 12 டெசிபல் கூடும், தறிச் சத்தம் அப்படியே இருக்கும்.

இன்னொரு வழி இருக்கு, காசே இல்லாதது: கரண்ட் போகும் நேரம். தறி நிற்கும், ஃபேன் நிற்கும், 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் நிற்கும். லேப்டாப் பேட்டரியில் ஓடும், இண்டர்ஃபேஸ் யு.எஸ்.பி. வழியாக அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிப்பு வந்தால் ஊரே சலித்துக்கொள்ளும். நீங்க பாட்டு வரிகளைத் தயாராக வைத்துக்கொண்டு, முந்தின நாள் ராத்திரியே லேப்டாப்பை முழுசா சார்ஜ் போட்டு வையுங்கள். அந்த அமைதியைச் சென்னையில் ஸ்டூடியோ வாடகை கொடுத்துத்தான் வாங்க முடியும்.

அப்போ அந்தப் பதினஞ்சாயிரம்?

செலவு வரிசையை இப்படி வையுங்க. முதலில் ஸ்ருதியில் நிற்கும் ஒரு கிட்டார், பழையதானாலும் பரவாயில்லை. வாங்கும்போது 12வது ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்துப் பாருங்கள். அதே இடத்து ஹார்மோனிக்குடன் ஸ்ருதி ஒத்துப் போகணும். போகவில்லை என்றால் பிரிட்ஜ் சேடில்களை நகர்த்தி செட்டப் செய்யணும், அதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்க. அடுத்து புதுத் தந்தி. பிறகு ஒரு சின்ன ஆடியோ இண்டர்ஃபேஸ், குட்டைக் கேபிள், நல்ல ஹெட்ஃபோன். மைக் நண்பரிடம் இரவல். பெடல், ஆம்ப் எல்லாம் கடைசியில். தனியாக முடியலைன்னா நாலு பேர் சேர்ந்து ஒரே இண்டர்ஃபேஸ் வாங்கி வாரம் ஒருத்தர் வெச்சுக்கலாம்.

பாட்டுக்கு ரெண்டு கார்டு, ஒரு மெட்டு, நீங்க பேசுற தமிழில் பத்து வரி போதும். இந்த செமஸ்டருக்குள் ஒரு பாட்டை முடித்து ஃபோல்டரில் போடுங்க. அதில் இரைச்சல் கேட்டால் எந்தக் கண்ணியில் இருந்து வருதுன்னு தேட இப்போ உங்களுக்குத் தெரியும்: தந்தி, பிக்கப், கேபிள், பஃபர், மைக். கேட்கிறதுக்கு உங்க பேண்டு பசங்க இன்னும் இதே ஹாஸ்டலில், ரெண்டு ரூம் தள்ளித்தான் இருக்காங்க. ஜூனில் இருக்க மாட்டாங்க.