ரெண்டு கிராபிக்ஸ் கார்டு போட்டா, கேம் ரெண்டு மடங்கு வேகமா ஓடுமா?

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. புதிதாக வந்த கேம் அதில் திணறுகிறது. அதே மாடல் இன்னொன்று செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கிறது. மதர்போர்டில் ஒரு ஸ்லாட்டும் காலி. "இதையும் வாங்கிச் செருகிட்டா ஸ்பீடு டபுள் ஆகிடும்ப்பா" என்று பிள்ளை சொன்னால், கணக்கு சரிதானே என்றுதான் எந்த அப்பாவுக்கும் தோன்றும்.

பர்ஸைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிஷம். கேம் விளையாடுவதற்கு என்றால், இன்றைய தேதியில் அந்தப் பணம் பெரும்பாலும் வீண்தான்.

பிள்ளை சொல்வது முழுக்கக் கற்பனையும் இல்லை. ஒரு காலத்தில் இது ராஜபோகம். 1998-ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ2 கார்டுகள் இரண்டை ஒரு கேபிளால் இணைத்தார்கள். திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒரு கார்டு வரையும், இரட்டைப்படை வரிகளை இன்னொன்று வரையும். இதற்கு எஸ்எல்ஐ என்று பெயர். பிறகு அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை என்விடியா வாங்கி, 2004-ல் அதே பெயரில் வேறு முறையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே போட்டிக்கு ஏடிஐயின் கிராஸ்ஃபயர் வந்தது.

இந்தப் புது முறையில், முதல் ஃப்ரேமை ஒரு கார்டு வரையும், அடுத்ததை மற்றொன்று. மாற்றி மாற்றி வேலை. கேட்க அழகாக இருக்கிறது, சிக்கலே இங்கேதான். விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால், சுமார் 17 மில்லி விநாடிக்கு ஒன்று சீராக வர வேண்டும். இரண்டு கார்டுகளின் தாளம் லேசாகத் தப்பினால், ஒரு ஃப்ரேம் 8 மில்லி விநாடியில் வரும், அடுத்தது 25 எடுத்துக்கொள்ளும். சராசரி அதே 60தான். திரையின் மூலையில் ஓடும் எண் பெருமையாக 60 என்றே காட்டும். கண்ணுக்கு மட்டும் படம் விக்கி விக்கி நகரும். மைக்ரோ ஸ்டட்டர் என்று கேமர்கள் திட்டித் தீர்த்தது இதைத்தான்.

மெமரி விஷயத்திலும் பலர் ஏமாந்தார்கள். 4 ஜிபி கார்டு இரண்டு போட்டால் 8 ஜிபி ஆகாது. இரண்டு கார்டுமே அதே காட்சியின் தகவல்களைத் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும் என்பதால், கேமுக்குக் கிடைப்பது 4 ஜிபிதான். (ராம் கதை வேறு. இரண்டு ராம் ஸ்டிக் போட்டால் அளவும் கூடும், வேகமும் கூடும். ரெண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சரி, ஏன் செத்துப்போனது? நவீன கேம்கள் ஒரு ஃப்ரேமை வரைய முந்தைய ஃப்ரேமின் தகவலைக் கேட்கின்றன. அது பக்கத்துக் கார்டில் இருந்தால், வரும்வரை காத்திருக்க வேண்டும். டைரக்ட்எக்ஸ் 12 வந்தபோது இரண்டு கார்டுகளைச் சமாளிக்கும் பொறுப்பும் பெரும்பாலும் கேம் தயாரிப்பாளர்கள் தலையில் விழுந்தது. இப்படிப்பட்ட கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களே கொஞ்சம் பேர். அவர்களுக்காக யார் மெனக்கெடுவார்கள்?

நிறுவனங்களும் கையைக் கழுவிவிட்டன. 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1060-லேயே எஸ்எல்ஐ கிடையாது. 1650, 1660 சூப்பர், ஆர்டிஎக்ஸ் 3060 என்று நம்மூர் செகண்ட் ஹேண்ட் சந்தையில் புழங்கும் பல கார்டுகளிலும் இல்லை. 30 வரிசையில் 3090, 3090 டிஐ இரண்டுக்கு மட்டும் இணைக்கும் வசதி இருந்தது. 40 வரிசையில் அதுவும் போயிற்று. பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ ப்ரொஃபைல் சேர்ப்பதை 2021 ஜனவரியோடு என்விடியா நிறுத்திவிட்டது. ஆக, இரண்டாவது 1660-ஐச் செருகினால், பெரும்பாலான கேம்களுக்கு அது இருப்பதே தெரியாது.

கரன்ட் கணக்கையும் பார்த்துவிடலாம். 2014-ல் வந்த ஜிடிஎக்ஸ் 970-க்கு 145 வாட். இரண்டு என்றால் 290 வாட், கையில் 4 ஜிபி. இரண்டே வருடத்தில் வந்த ஜிடிஎக்ஸ் 1080, ஒற்றை ஆளாக 180 வாட்டில் 8 ஜிபியோடு நின்றது. சூடும் சத்தமும் கம்மி. மே மாசத்தில் ஏசி இல்லாத அறையில் விளையாடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

இரண்டு கார்டு உதவுகிற இடங்களும் உண்டு. பிளெண்டரில் அனிமேஷன் ரெண்டர் செய்பவர்கள், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்ப்பவர்கள் வேலையைப் பிரித்துக் கொடுக்க முடியும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

மற்றவர்கள் பழைய கார்டை விற்று, அந்தப் பணத்தோடு இரண்டாவது கார்டுக்கு எடுத்து வைத்ததையும் சேர்த்து, வேகமான ஒரே கார்டாக வாங்கலாம். அதற்கும் முன்னால் ஒரு சோதனை: கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியு பயன்பாட்டைப் பாருங்கள். 95, 100 சதவிகிதம் என்று நின்றால் கார்டுதான் திணறுகிறது. எந்த ஃப்ரேம் வரம்பும் வைக்காமலேயே 60, 70-ல் நின்றால் சந்தேகம் பிராசஸர் மேல். அப்போது எந்தக் கார்டு வாங்கினாலும் பெரிதாக மாறாது.

கார்டுதான் என்று உறுதியானால், கடைக்குப் போகும்போது பவர் சப்ளையின் வாட் அளவையும், கேபினெட்டுக்குள் கார்டுக்கு இருக்கும் நீளத்தையும் குறித்து எடுத்துப்போங்கள். பவர் சப்ளையில் என்னென்ன கனெக்டர் இருக்கிறது என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.