துவைத்த பிறகு தெரியும் குறை: டிடிஎஃப் பிரிண்டிங்கில் பவுடரும் சூடும்

வளைகுடாவில் பல வருடங்கள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் சகோதரர்கள் கையில் இருக்கும் சேமிப்பை வைத்து என்ன தொழில் செய்யலாம் என்று விசாரிக்கும்போது, இப்போது அடிக்கடி காதில் விழும் பதில் டிடிஎஃப் பிரிண்டிங். ஒரு அறை, ஒரு பிரிண்டர், ஒரு ஹீட் பிரஸ் இருந்தால் போதும், மதரஸா சீருடையில் இருந்து கால்பந்து அணியின் ஜெர்சி வரை எதிலும் அச்சிடலாம் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் மெஷின் விற்பவர் பிரிண்டரைப் பற்றி அரை நாள் விளக்குவார். அதன் வாசலில் நிற்கும் பவுடர் யூனிட்டைப் பற்றிக் கேட்டால், "இதுல ஒண்ணும் இல்ல பாய், ஆன் பண்ணா அது பாட்டுக்கு ஓடும்" என்பதோடு முடித்துக்கொள்வார். நாங்களும் அதை நம்பித்தான் தொடங்கினோம்.

தொடங்கிய சில மாதங்களில் ஊர் இளைஞர்கள் அணி ஒன்றுக்கு 40 ஜெர்சி அடித்துக் கொடுத்தோம். கொடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு முறை துவைத்ததும் பாதி ஜெர்சிகளில் எண்ணின் இடது ஓரம் தோல் உரிவது போல் உரிந்து வந்தது. பிரிண்டரில் குறை தேடினோம், மையை மாற்றினோம், ஹீட் பிரஸ்ஸைக் குறை சொன்னோம். கடைசியில் பார்த்தால் பவுடரை உருக்கும் அடுப்பில் இடது பக்க ஹீட்டர் குழாய் ஒன்று எரியவே இல்லை. வெப்பத்தை அளக்கும் சென்சார் வலது பக்கம் இருந்ததால் திரையில் மட்டும் 140 டிகிரி என்று சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

அந்த அனுபவத்தில் இருந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இந்த முறையில் படம் நேராகத் துணியில் அச்சாவதில்லை. பிளாஸ்டிக் ஃபிலிம் ஒன்றின் மேல் முதலில் வண்ண மையும், அதற்கு மேல் வெள்ளை மையும் விழுகிறது. மை ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் பசைப் பவுடர் தூவப்படுகிறது. சூடுபட்டால் உருகி ஒட்டும் பவுடர் இது. ஷேக்கர் ஃபிலிமை உலுக்கி, மையில் ஒட்டாத பவுடரைக் கீழே தள்ளிவிடும். பிறகு ஃபிலிம் அடுப்புக்குள் போகிறது. அங்கே இரண்டு வேலை நடக்க வேண்டும். மையில் உள்ள நீரும் கிளிசரினும் வெளியேற வேண்டும். பவுடர் உருகி மையோடு ஒன்றாகிவிட வேண்டும். அதன் பின் ஹீட் பிரஸ்ஸில் துணியோடு வைத்து அழுத்தி ஃபிலிமை உரித்தால் படம் துணியில் தங்கும். ஆகவே துணிக்கும் படத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரே பிடிப்பு அந்தப் பவுடர்தான். அது அரைகுறையாக உருகியிருந்தாலும் பிரஸ் போட்ட அன்று ஒட்டியது போலவே தெரியும். அதுதான் ஆபத்து.

மழையில் நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் வைத்து, காய்ந்ததை மேலே வைத்து விற்ற வியாபாரியின் சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருப்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். நபி (ஸல்) அவர்கள் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். எங்கள் 40 ஜெர்சிகளும் ஒரு வகையில் அப்படிப்பட்ட குவியல்தான். அன்று எங்களுக்குத் தெரியாது என்பது ஒரு சமாதானம். தெரிந்த பின் அந்தச் சமாதானம் செல்லாது.

சூடு எவ்வளவு, எவ்வளவு நேரம்?

சந்தையில் கிடைக்கும் பவுடர்களில் பெரும்பாலானவை 110 முதல் 120 டிகிரி அளவில் உருகத் தொடங்கும். ஆனால் அடுப்பை 120-ல் வைத்தால் போதாது. ஃபிலிம் உள்ளே நகர்ந்துகொண்டே இருப்பதால் அதன் மேற்பரப்பு அந்த வெப்பத்தை எட்ட நேரம் பிடிக்கும். அதனால் 130 முதல் 150 டிகிரி வரை வைத்து, இரண்டு மூன்று நிமிடங்கள் உள்ளே இருக்கும்படி பெல்ட்டின் வேகத்தை அமைப்பது வழக்கம். பவுடர் பையில் என்ன எழுதியிருக்கிறதோ அதில் இருந்து தொடங்குங்கள், பக்கத்துக் கடைக்காரர் சொல்லும் எண்ணில் இருந்து அல்ல. அவர் மெஷின் வேறு, பவுடர் வேறு.

திரையில் தெரியும் எண் சென்சார் இருக்கும் இடத்தின் வெப்பம் மட்டுமே. தூரத்தில் இருந்தே வெப்பம் அளக்கும் துப்பாக்கி போன்ற சிறு கருவி ஒன்று வாங்கி, ஃபிலிம் வெளியே வரும் வாயில் இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் தினமும் காலையில் பாருங்கள். மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஹீட்டர் குழாய் போயிருக்கும், அல்லது மூடி சரியாக மூடாமல் ஒரு பக்கம் காற்று புகும், அல்லது புகையை உறிஞ்சும் ஃபேன் அளவுக்கு மீறி இழுத்துச் சூட்டையும் சேர்த்து வெளியே தள்ளும். எங்களுக்கு இந்த மூன்றுமே வெவ்வேறு நாட்களில் நடந்திருக்கின்றன.

எந்தக் கருவியும் இல்லாவிட்டால் கண்ணும் விரலும் போதும். வெளியே வந்த ஃபிலிமின் பின்புறம் ரவை தூவியது போல் வெள்ளையாக, சொரசொரப்பாக இருந்தால் பவுடர் உருகவில்லை. ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி மெல்லிய மேடுபள்ளத்தோடு பளபளப்பாக இருந்தால் சரி. வெள்ளை மை மஞ்சள் அடித்து, ஃபிலிம் சுருண்டு வந்தால் சூடு அதிகம். அப்படிக் கருகிய படம் துணியில் விறைப்பாக நின்று, இழுத்தால் விரிசல் விடும்.

மேற்பரப்பில் குட்டிக் குட்டிக் கொப்புளங்களோ ஊசித் துளைகளோ வந்தால் பலரும் வெப்பத்தை இன்னும் கூட்டுவார்கள். செய்ய வேண்டியது பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. மையில் உள்ள நீர் மெதுவாகப் போகும் முன்பே பவுடர் உருகி மூடிவிட்டால், உள்ளே சிக்கிய ஆவி வெடித்துக்கொண்டு வெளிவரும். முன், நடு, பின் என்று மூன்று கட்டமாக வெப்பம் வைக்கும் வசதி இருந்தால் முன் பகுதியைக் குறைத்து, பின் பகுதியை உயர்த்துங்கள். வெள்ளை மையைத் தேவைக்கு மேல் ஊற்றுவதும் இதற்கு ஒரு காரணம்.

ஃபிலிமை அடுக்கி வைத்து இரண்டு நாள் கழித்து எடுத்தால் எண்ணெய் தடவியது போல் பிசுபிசுப்பு இருக்கிறதே என்பது அடிக்கடி வரும் கேள்வி. அது வெளியேறாமல் தங்கிய கிளிசரின். கிளிசரின் காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பெல்ட் வேகத்தைக் குறைத்து உள்ளே இருக்கும் நேரத்தைக் கூட்டினால் சரியாகும். ஏற்கெனவே பிசுபிசுத்ததை மறுபடி அடுப்பில் ஓட்டிச் சோதனைத் துணியில் ஒட்டிப் பார்க்கலாம். அதிலும் தேறாவிட்டால் குப்பைதான்.

கடற்கரை ஊர்களின் தனிப் பிரச்சினை

பவுடருக்கும் ஃபிலிமுக்கும் ஏற்ற ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் நம் கடற்கரை ஊர்களில் அது 80-ஐத் தாண்டுவது சாதாரணம். ஃபிலிமின் பூச்சு ஈரத்தை இழுத்தால் மை இல்லாத இடத்திலும் பவுடர் ஒட்டும். துணியில் அழுத்தியதும் எழுத்தைச் சுற்றி அழுக்கு மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும். பவுடரும் கட்டி தட்டி, ஷேக்கரில் ஒரு பக்கம் கொட்டி மறுபக்கம் விழாது. ஏசி இருந்தால் அறையை மூடி வைத்து வேலை செய்யுங்கள். பவுடரை இரவு தொட்டியிலேயே விட்டுவிட்டுப் போகாமல் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். கீழே விழுந்த பவுடர் திரும்பவும் மேலே போய்ச் சேரும் அமைப்பு உள்ள மெஷின்களில், வாரம் ஒரு முறையாவது முழுவதையும் எடுத்துச் சலித்துவிட்டுப் போட வேண்டும். மை ஒட்டிய துகள்கள் அதில் சேர்ந்துகொண்டே போகும்.

இதே புள்ளிகள் வறண்ட கோடையிலும் வரும். அப்போது காரணம் ஈரம் இல்லை, நிலைமின்சாரம். தலைமுடியில் தேய்த்த சீப்பு காகிதத்தை இழுப்பது போல ஃபிலிம் பவுடரை இழுக்கும். மெஷினுக்கு முறையான எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. பல கடைகளில் எர்த் கம்பி பிளக்கோடு நின்றுவிடுகிறது. ஈரமா, நிலைமின்சாரமா என்று ஊகிக்க வேண்டாம். ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இன்னொரு சிறிய இடத்தில் பெரிய குழப்பம் வரும். பிரிண்டருக்கும் ஷேக்கருக்கும் நடுவில் ஃபிலிம் தொட்டில் போலத் தொங்கும். அது எவ்வளவு தொங்குகிறது என்று பார்த்து, பெல்ட்டை ஓட்டுவதும் நிறுத்துவதும் ஒரு சென்சாரின் வேலை. அதன் கண்ணில் பவுடர் படிந்தால் பெல்ட் நிற்காமல் ஓடிப் பிரிண்ட்டை இழுத்துக் கோடு விழ வைக்கும், அல்லது ஓடாமல் நின்று ஃபிலிமை அடுப்பிலேயே வேக வைக்கும். ஒரு மெல்லிய துணியால் துடைத்தால் தீர்கிற இந்த விஷயத்துக்கு நாங்கள் மெக்கானிக்கை வரவழைத்துப் பணம் கொடுத்திருக்கிறோம்.

பாலியெஸ்டர் ஜெர்சிகளுக்கு ஒரு எச்சரிக்கை. அடர்ந்த நிறத் துணியில், குறிப்பாகச் சிவப்பில், அழுத்தும்போது துணியின் சாயம் ஆவியாகி வெள்ளை எண்ணுக்குள் ஏறி அதை ரோஸ் நிறமாக்கிவிடும். சாயத்தைத் தடுக்கும் கறுப்புப் பவுடர் இதற்கென்றே கிடைக்கிறது. குறைந்த வெப்பத்தில் உருகும் பவுடரும் உதவும்.

மின்சாரம் போனால் பெல்ட் நிற்கும், ஆனால் அடுப்பின் சூடு உடனே போகாது. மூடியைத் திறந்து, கையுறை அணிந்து ஃபிலிமை வெளியே இழுத்துவிட வேண்டும். ஹீட்டர் பல கிலோவாட் இழுப்பதால் வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது, தனி லைன் அவசியம். வேலை முடிந்ததும் ஹீட்டரை மட்டும் அணைத்து, அடுப்பு ஆறும் வரை பெல்ட்டையும் ஃபேனையும் ஓட விடுங்கள். ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்ன பிறகு அணைத்துவிட்டு ஓடலாம் என்று இருக்காமல், அதற்கு நன்றாக முன்பே அணைத்துவிடுவது எங்கள் வழக்கம். ஆள் இல்லாத அறையில் அடுப்பு எரியக் கூடாது. புகை வெளியே போகக் குழாய் வேண்டும். பவுடர் கொட்டும்போது மாஸ்க் வேண்டும். குழந்தைகள் தூங்கும் அறையை ஒட்டி இந்த மெஷினை வைக்கவே வேண்டாம்.

ஒவ்வொரு ஆர்டரின் தொடக்கத்திலும் ஃபிலிமின் இரண்டு ஓரத்திலும் ஒரு சின்னச் சதுரம் சேர்த்து அடித்து, அதே வகைத் துணித் துண்டில் ஒட்டுகிறோம். ஆறிய பின் விரலால் இழுத்து, நகத்தால் சுரண்டி, மறுநாள் துவைத்துப் பார்க்கிறோம். பெருநாள் நேரத்து அவசர ஆர்டர்களில் இந்த ஒரு நாள் பலருக்கும் பாரமாகத் தெரிகிறது. சிலர் வேறு கடைக்குப் போயும் விட்டார்கள். சதுரம் தேறாத ஃபிலிமை விற்பதில்லை. நிறம் லேசாகக் குறைந்தது, ஓரத்தில் புள்ளி விழுந்தது போன்றவற்றைத் தனியாக வைத்து, குறையைக் காட்டி விலையைக் குறைத்துக் கொடுக்கிறோம். அந்த அணிக்காரர்கள் அடுத்த வருடம் மறுபடி வந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். வந்ததும் கேட்டது சோதனைத் துண்டைத்தான்.