விதைநெல் யார் வீட்டில்?

எகிப்தில் பஞ்சம் வந்தபோது யோசேப்பு சேமித்து வைத்த தானியம் மக்களைக் காப்பாற்றியது. நாம் அடிக்கடி கேட்டது இது. தொடக்க நூல் 47ஆம் அதிகாரம் அதன் மறுபக்கத்தையும் சொல்கிறது. களஞ்சியம் பார்வோனிடம் இருந்தது. மக்கள் முதலில் பணத்தைக் கொடுத்தார்கள், பிறகு ஆடு மாடுகளை, கடைசியில் நிலத்தையும் தங்களையுமே கொடுத்தார்கள். உயிர் பிழைத்தார்கள்; ஆனால் விதைப்பதற்கான விதைக்குக்கூட அரண்மனை வாசலில் நின்றார்கள்.

நம் காவிரிக் கடைமடைக்கு வருவோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பிள்ளைபோல் வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. தென்னையை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள், புதிய கன்று காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பூமி சூடாகும்போது காற்று அதிக ஈரத்தைத் தாங்குகிறது. அதனால் பல நாள் பெய்ய வேண்டிய மழை சில நாளிலேயே கொட்டிவிடுகிறது. கடலோர வயல்களில் உப்பும் ஏறுகிறது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு சம்பா போனால், அடுத்த விதைப்பே கடனில்தான் தொடங்குகிறது.

இதைத் தாங்கும் வழி பலவகைப் பயிரில் இருக்கிறது. உயரமாக வளரும் காட்டுயானம் தேங்கிய நீருக்கு மேல் தலை நீட்டி நிற்கும். குழியடிச்சான் உப்பு நிலத்தைத் தாங்கும். ஆராய்ச்சியாளர்கள் தந்த சி.ஆர். 1009 சப்-1 வெள்ளத்தில் மூழ்கினால் வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமித்து, இரண்டு வாரம்வரை தாக்குப்பிடித்து, நீர் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கும். பழைய ரகங்களில் விளைச்சல் குறைவு, உண்மைதான். முழு வயலையும் அதற்குத் தர வேண்டியதில்லை. ஒரு மூலை போதும். எல்லாம் ஒரே நாளில் அழியாமல் இருப்பதே பாதுகாப்பு.

திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட மரபு ரகங்களை மீட்டார். விதைத் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அது இன்னும் இருவருக்குப் போகும். கஜா அடித்த மூன்றே வாரத்தில் அவர் மறைந்தார். விதை பல வீடுகளில் இருந்ததால் அது அவரோடு போகவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில், உலகின் பெரும்பகுதி மக்களுக்குச் சிறு விவசாயிகளே உணவளிக்கிறார்கள் என்று நினைவூட்டி, அவர்களைக் காக்கக் கேட்கிறார்.

பசித்தாலும் விதைநெல்லைத் தொடாதவர்கள் நம் முன்னோர். இந்த அறுவடையில் ஒவ்வோர் அன்பியமும் ஒரு குதிர் விதையைப் பொதுவில் வைப்போமா? வெள்ளம் யார் வயலை அழித்தாலும், அவர் கடன்காரர் வாசலுக்குப் போகுமுன் நம் வாசலுக்கு வரட்டும். விதைப்பவருக்கு விதை அருளும் ஆண்டவர், அதைப் பகிரும் மனதையும் நமக்கு அருள்வாராக. ஆமென்.