பேட்டரி இறங்கிய வண்டிக்கு ஒரு கைமாற்று



ஆடிப்பெருக்கு வந்தால் ஒகேனக்கல்லில் கூட்டம் எப்படி இருக்கும் என்பதை நம் பென்னாகரம் வட்டாரத்து வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது விடிவதற்குள் சரக்கு வண்டி போய்த் திரும்பினால்தான் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு நாள், விடியற்காலை 4 மணிக்கு எண்ணெய் டின்னும் மசாலாவும் ஏற்றிய எங்கள் லோடு வண்டி கிளம்பவில்லை. முதல் நாள் இரவு சரக்கு ஏற்றும்போது வெளிச்சத்திற்காகப் போட்ட முன்விளக்கை அணைக்க மறந்துவிட்டோம். சாவியைத் திருகினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டுமே வந்தது.

பருப்பு இறக்க வந்த லாரி ஒன்று பக்கத்தில் நின்றது. டிரைவர் நல்ல மனதுடன் கேபிள் எடுத்து வந்தார். லாரியின் மின்சாரம் 24 வோல்ட், நம் வண்டி 12 வோல்ட் என்பதை அவசரத்தில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மாட்டிய மறுகணம் தீப்பொறி பறந்தது. வண்டியின் மின்னணுப் பெட்டி பழுதாகி, அன்று முழுவதும் வண்டி நின்றுவிட்டது. பழுது பார்த்த செலவு எங்களோடு போயிற்று. ஆனால் அருவிக்கரையில் மீன் சமைத்துத் தரும் பெண்கள் எங்கள் எண்ணெயை நம்பி அடுப்பு மூட்டக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு வருடத்தில் பெரிய வியாபாரம் அந்த ஒரு நாள்தான். அந்த நஷ்டத்தை நாங்கள் எந்தக் கணக்கில் எழுதுவது?

அதன் பிறகே 'ஜம்ப் ஸ்டார்ட்டர்' என்ற கையடக்கக் கருவியைப் பற்றி விசாரித்து, ஒன்று வாங்கினோம். நாம் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

கருவி செய்யும் வேலை

வண்டி பேட்டரி ஈயமும் அமிலமும் கொண்டது. 1859-ல் பிரான்சு நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த அதே தத்துவம்தான் இன்றும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 வோல்ட் தரும் ஆறு அறைகள் சேர்ந்து 12 வோல்ட். முழு சார்ஜில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12-க்குக் கீழே போனால் பேட்டரி ஏறக்குறைய காலி.

இன்ஜினைச் சுழற்றும் செல்ஃப் மோட்டாருக்கு நூறு, இருநூறு ஆம்பியர் மின்சாரம் வேண்டும். ஆனால் இரண்டு மூன்று வினாடிக்குத்தான். 150 ஆம்பியர் வீதம் 3 வினாடி எடுத்தாலும் மொத்தச் செலவு ஒரு ஆம்பியர்-மணியில் எட்டில் ஒரு பங்கே. அதனால்தான் ஒரு செங்கல் அளவுகூட இல்லாத லித்தியம் பேட்டரிக் கருவி வண்டியைக் கிளப்பிவிடுகிறது. செல்போனில் இருப்பதும் லித்தியம் பேட்டரிதான். சிறிய உருவத்தில் பெரிய மின்சாரத்தைச் சட்டென்று தர அதனால் முடிகிறது.

நம் வியாபார பாஷையில் சொன்னால் இது கைமாற்று. முதல் அல்ல. இறங்கிய பேட்டரியை இந்தக் கருவி நிரப்புவதில்லை. இன்ஜின் ஓடத் தொடங்கிய பின் டைனமோ, அதாவது ஆல்டர்னேட்டர்தான் பேட்டரியை நிரப்ப வேண்டும். கிளம்பியவுடன் இரண்டு தெரு தள்ளி நிறுத்தி அணைத்துவிட்டால் மறுபடியும் அதே கதைதான். குறைந்தது அரை மணி நேரமாவது வண்டி ஓட வேண்டும். அடியோடு இறங்கிய பேட்டரியை சார்ஜரில் போட்டு ஏற்றுவதே முறை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலாவது, வோல்ட். கார், வேன், குட்டி யானை போன்ற சிறு சரக்கு வண்டிகளுக்கு 12 வோல்ட் கருவி. பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் ஓடுகிறது. 12 வோல்ட் கருவியை அதில் மாட்டக் கூடாது.

இரண்டாவது, இன்ஜின் அளவு. டீசல் இன்ஜினைச் சுழற்றப் பெட்ரோல் இன்ஜினைவிட அதிக மின்சாரம் வேண்டும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 'பீக் ஆம்பியர்' கணநேர உச்சம் மட்டுமே. அதைக் கண்டு மயங்காமல், எத்தனை லிட்டர் டீசல் இன்ஜின் வரை கிளப்பும் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள்.

மூன்றாவது, பாதுகாப்பு. சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டினால் மின்சாரத்தைத் தடுத்து ஒலி எழுப்பும் அமைப்பு கிளிப்பில் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு இந்தியத் தர நிறுவனத்தின் பதிவு எண் உள்ளதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். நம் வாடிக்கையாளருக்கு நாம் சொல்லும் அறிவுரை நமக்கும் பொருந்தும் அல்லவா!

பயன்படுத்தும் முறை

1. சாவியை அணையுங்கள். விளக்கு, பாட்டு, விசிறி எல்லாம் நிற்கட்டும். கியர் நியூட்ரலில் இருக்க, கைபிரேக் போடுங்கள். கருவியில் பாதிக்கு மேல் சார்ஜ் உள்ளதா என்று பாருங்கள்.

2. சிவப்பு கிளிப் பேட்டரியின் பிளஸ் முனையில். கறுப்பு கிளிப் மைனஸ் முனையில், அல்லது கையேட்டில் சொன்னபடி இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

3. சாவியைத் திருகுங்கள். ஐந்து வினாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். கிளம்பாவிட்டால் ஒரு நிமிடம் ஆறவிட்டு மீண்டும் முயலலாம். மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

4. கிளம்பியவுடன் கருவியைக் கழற்றிவிடுங்கள். முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு.

சில கருவிகளில் 'பூஸ்ட்' என்ற பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் பாதுகாப்பு அமைப்பு விலகிவிடும். மாற்றி மாட்டியிருந்தால் விபரீதம்தான். கையேட்டைப் படிக்காமல் தொட வேண்டாம்.

பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடவே கூடாது. உப்பிய, விரிசல் விட்ட, ஒழுகும் பேட்டரியில் கருவியை மாட்டக் கூடாது. வெயில் காலத்தில் கருவியை வண்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். சூடு லித்தியத்திற்குப் பகை. கடைக்குள் நிழலில் வைத்து, மூன்று மாதத்திற்கு ஒரு முறை சார்ஜ் ஏற்றுங்கள்.

நோய் எங்கே?

சாவியைத் திருகினால் 'டிக் டிக்' சத்தம், விளக்கு மங்கல் என்றால் பெரும்பாலும் பேட்டரி இறக்கம். அல்லது முனையில் வெள்ளைப் பூப்பு படிந்திருக்கும். துடைத்து இறுக்கினாலே சரியாகலாம். விளக்கு பளிச்சென்று எரிந்தும் சத்தமே இல்லை என்றால் செல்ஃப் மோட்டார் பக்கம் கோளாறு இருக்கலாம். இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசலைப் பாருங்கள். இந்த இரண்டிற்கும் ஜம்ப் ஸ்டார்ட்டர் உதவாது.

மளிகைக் கடை வண்டிக்கென்று தனி நோய் ஒன்று உண்டு. வீட்டு டெலிவரிக்காக ஒரு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துவது, மீண்டும் கிளப்புவது. கிளப்பச் செலவான மின்சாரம் திரும்புவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. வரவுக்கு மேல் செலவு செய்யும் கடை எத்தனை நாள் நடக்கும்? வாரம் ஒரு முறையாவது தருமபுரி வரை 30 கிலோமீட்டர் ஓடினால் பேட்டரிக்கு நல்லது. விளக்கை மறப்பதோ இன்னும் மோசம். 55 வாட் முன்விளக்கு இரண்டும் சேர்ந்து மணிக்கு 9 ஆம்பியர்-மணி குடிக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு மணி நேரத்தில் காலி.

முன்பெல்லாம் சுமைப்பணித் தோழர்கள் நாலு பேர் தள்ளினால் வண்டி கிளம்பிவிடும். இன்றைய பி.எஸ்.6 வண்டிகளில் பேட்டரி அடியோடு செத்திருந்தால் மின்னணுப் பெட்டிக்கு உயிர் இருக்காது, தள்ளியும் பயனில்லை. இருட்டில், பாரத்தோடு, மலைச்சரிவில் தள்ளுவது ஆபத்தும்கூட.

வாரத்திற்கு இரண்டு முறை கைமாற்று கேட்கும் பேட்டரிக்கு ஆயுள் முடிந்தது என்று பொருள். புதிது மாற்றிவிடுங்கள். பழையதைக் குப்பையில் போடாமல் பேட்டரிக் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளும் அதை மறுசுழற்சிக்கே அனுப்பச் சொல்கின்றன.

எங்கள் வேண்டுகோள் ஒன்று. சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள இக்கருவியை ஒவ்வொரு கடையும் வாங்க வேண்டும் என்பதில்லை. ஒரு தெருவில் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, இரவில் அருகில் குடியிருப்பவர் கடையில் வைத்துக்கொள்ளலாம். எங்கள் கருவி கடைக் கல்லாவிற்குக் கீழே இருக்கிறது. பாப்பாரப்பட்டியிலிருந்தோ ஏரியூரிலிருந்தோ சந்தைக்கு வந்த வியாபாரி வண்டி நின்றுவிட்டது என்றால் தயங்காமல் கேட்கலாம். கேபிள் மாட்டும் முன் இது 12 வோல்ட்தானா என்று மட்டும் இருவருமாக ஒரு முறை பார்த்துக்கொள்வோம்.