கேர்னல் எங்க போய் நிண்டது?

எபிசோடில் வேகமாகத் தாண்டின ஒரு விசயத்தை இதில ஆறுதலாப் பார்ப்பம்.

லினக்ஸ் சேர்வர் ஒன்று விழுந்திட்டுது. விழுந்த நேரத்து நினைவகத்தின் நகல் கையில இருக்கு. அதை ‘க்ராஷ்’ கருவியில் திறந்தால், நகலும் கேர்னல் கோப்பும் பொருந்தவில்லை என்று சொல்லி நிற்குது. சரியான கோப்பைத்தானே குடுத்தம்?

சூரிச் ஸ்டேஷனை நினைச்சுப் பாருங்கோ. எந்தப் பெட்டி எந்தப் பகுதியில் நிற்கும் என்று பலகை காட்டும். ரெயின் ஐம்பது மீற்றர் தள்ளி நிண்டால், எல்லாப் பெட்டியும் அதே ஐம்பது மீற்றர் தள்ளித்தான் நிற்கும். பெட்டிகளின் ஒழுங்கு மாறாது.

கேர்னலும் அப்படித்தான். கேஏஎஸ்எல்ஆர் என்ற பாதுகாப்பு ஒவ்வொரு பூட்டிலும் கேர்னலை வேறு ஒரு தூரம் தள்ளி ஏற்றும். லினக்ஸில் இது 2014இல், 3.14 பதிப்பில் வந்தது. 2017இல் 4.12 பதிப்பிலிருந்து சாதாரண பிசிக்களில் தானாகவே இயங்குது. ஆனால் கேர்னல் கோப்பில் இருப்பது தள்ளுவதற்கு முந்தின முகவரி.

கணக்கு லேசு. ஹெக்ஸ் முகவரியின் கடைசி எட்டு இலக்கத்தை மட்டும் எடுப்பம். கோப்பின்படி கேர்னல் தொடங்குவது 81000000இல். நகலின்படி 93000000இல் என்றால், வித்தியாசம் 12000000. அதைக் கருவிக்குச் சொன்னால் எல்லாப் பெயரும் அதனதன் இடத்துக்கு வந்திடும்.

கேடம்ப் எடுத்த நகலில் இந்த எண் குறிப்பாகவே இருக்கும், கருவி தானாக எடுத்துக்கொள்ளும். மெய்நிகர் கணினியின் நினைவகத்தை வெளியிலிருந்து நகல் எடுத்தால் அந்தக் குறிப்பு இல்லாமல் போகலாம். அப்ப கேர்னல் விழும்போது கொன்சோலில் எழுதின கடைசி வரிகளைப் பாருங்கோ. ‘கேர்னல் ஆஃப்செட்’ என்ற வரியில் அதே எண் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. முதலில் இரண்டும் ஒரே பில்ட்தானா என்று பாருங்கோ. வேறு பில்ட் என்றால் பெட்டிகளின் ஒழுங்கே வேறு. எந்த எண்ணைக் கழிச்சும் சரிவராது. அதைவிட மோசம், நம்பக்கூடிய மாதிரி ஒரு பிழையான ஃபங்ஷன் பெயர் வரலாம். பிறகு பிழை செய்யாத ஆளின் கோடைத்தான் குற்றம் சொல்லுவம்.

“பேசாமல் கேஏஎஸ்எல்ஆரை நிப்பாட்டி விடுவமே?” சோதனைக் கணினியில் சரி, வேலை செய்யிற சேர்வரில் வேண்டாம். 2022 ஜூலையில் ஈ.ரி.எச். சூரிச்சின் யொஹன்னஸ் விக்னர், கவே ரசவி இருவரும் ‘ரெட்பிளீட்’ தாக்குதலை வெளியிட்டார்கள். பழைய இன்டெல், ஏஎம்டி சிப்களில் கேர்னல் நினைவகத்தையே அது வாசிச்சுது. அதற்கு அவர்கள் முதலில் கேர்னல் எங்கே நிற்குது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எங்களுக்குத் தலையிடி தரும் அதே எண், தாக்குபவருக்கும் ஒரு பூட்டு. கேர்னல் நிற்கக்கூடிய இடங்கள் 512க்கும் குறைவு, அதனால் அது சின்னப் பூட்டுத்தான். அதையும் நாங்களே கழற்றி வைக்கலாமோ?

அடுத்த எபிசோடில் கதைப்பம்!