ஏழு புள்ளி ஒண்ணு!

மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக ஒரு டீக்கடை. எதிரே கண்ணுக்கெட்டிய வரை உப்புப் பாத்திகள். பெஞ்சில் ஓர் அப்பா, ஒரு மகன். உப்பளத்தில் வேலை பார்க்கிற அப்பாவின் கையில் மகனின் மார்க் ஷீட். முகத்தில் மழை மேகம். (உப்பளத்துக்காரருக்கு மழை என்றால் சந்தோஷம் இல்லை சார்!)

"பிளஸ் டூல 600-க்கு 438 வாங்குன பய தம்பி. திண்டிவனத்துல பி.காம். சேர்த்தேன். இப்ப வெறும் ஏழு புள்ளி ஒண்ணுன்னு வந்து நிக்கிறான்!"

பையன் தலையைச் சொறிந்தான்.

"நானும் பி.காம்.தான் அண்ணே, குடுங்க" என்று வாங்கிப் பார்த்தேன். அந்த ஏழு புள்ளி ஒண்ணு பத்துக்கு. ஷீட்டின் பின்பக்கக் கணக்குப்படி 71 சதவீதம். பிளஸ் டூவின் 438-ஐச் சதவீதமாக்கினால் 73. பையன் சறுக்கியது இரண்டே இரண்டு! அதுவும் மேஜர் பேப்பர்களில். நம் ஊர்க் கல்லூரிகளில் 40 பாஸ், 60 முதல் வகுப்பு. ஆக, பையன் முதல் வகுப்பு.

2015-ல் யு.ஜி.சி. இந்தப் பத்துப் புள்ளி முறைக்கு வழிகாட்டி கொடுத்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு இதே குழப்பம். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் 2017 வரை 9.5-ஆல் பெருக்கினார்களே, அதைக் கல்லூரி ஷீட்டுக்கும் போட்டு, தன் மார்க்கைத் தானே குறைத்துக்கொண்ட புத்திசாலிகளும் உண்டு. எதால் பெருக்குவது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகம்தான் சொல்ல வேண்டும்.

"அப்ப இது நல்ல மார்க்கா தம்பி?"

"எதுக்குண்ணே?" என்றேன். முறைத்தார்.

கிண்டல் இல்லை சார். வங்கி கிளார்க் தேர்வுக்கும், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-க்கும், ஏன், ஐ.ஏ.எஸ். தேர்வுக்குமே டிகிரி இருந்தால் போதும். 41-ம் ஒன்றுதான், 91-ம் ஒன்றுதான். காமர்ஸ் படித்தவர் நேரடியாக சி.ஏ. இன்டர்மீடியட்டில் நுழைய 55 சதவீதம். எம்.பி.ஏ.வுக்கு கேட் எழுத, பொதுப் பிரிவில் 50. பல கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கோ பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 வேண்டும், கையில் அரியர் இருக்கக் கூடாது. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு உயரம்.

எனக்கு அது தெரிந்த விதம் கொஞ்சம் கேவலமானது. 2011-ல் நான் வாங்கியது 59.4. 'கிட்டத்தட்ட அறுபது' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒரு கம்பெனி இன்டர்வியூவில் கடன் வாங்கிய ஷூவோடு வரிசையில் நின்றேன். மேஜையில் இருந்த பெண் ஷீட்டைப் பார்த்து, சிரித்த முகத்தோடு, "சாரி சார், நெக்ஸ்ட்" என்றார். உள்ளே போகவே இல்லை. மூன்றாம் செமஸ்டரில் வருகைப் பதிவிலும் அசைன்மென்ட்டிலும் கோட்டை விட்ட இன்டர்னல் மார்க்குகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. 25-க்கு 14 வாங்கிவிட்டு, 'அதெல்லாம் பரீட்சையில பார்த்துக்கலாம்' என்று சினிமாவுக்குப் போனவன் நான்.

கேட்டுவிட்டு அப்பா சிரித்தார். "எங்க தண்ணிக்கும் டிகிரி உண்டு தம்பி. கண்ணாடிக் குழாயை மிதக்க விட்டுப் பார்ப்போம். கடல் தண்ணி மூணு. வெயில்ல காய்ஞ்சு 25 வந்தாத்தான் உப்பு உறையும். இருபத்தி நாலரைக்குப் பாதி உப்பு குடுங்கன்னா குடுக்காது."

"அப்ப நான் இருபத்தி நாலரை!"

"நீங்களே சொல்லிட்டீங்க" என்றவர், "முப்பதைத் தொட விட்டாலும் ஆகாது. உப்பு கசக்கும். அந்தத் தண்ணியைத் தொறந்து விட்டுடணும்" என்றார். கோல்டு மெடல் வாங்கிய என் வகுப்புத் தோழன் ஒருவன் ஞாபகத்துக்கு வந்தான். பெயர் வேண்டாம்.

பையனைப் பார்த்தேன். "உனக்கு எந்தக் கதவு தம்பி?"

"சி.ஏ. அண்ணா. ஆனா அப்பாகிட்ட இன்னும்..."

"55-தானே வேணும்? இவன்கிட்ட 71 இருக்கே!" அப்பா குறுக்கிட்டார். அப்புறம் குரல் இறங்கியது. "ஃபீஸ் எவ்வளவு தம்பி ஆகும்?"

அதற்கு மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் கணக்கு இல்லை. ஆர்ட்டிக்கிள்ஷிப்பில் மாதா மாதம் கொஞ்சம் உதவித்தொகை கிடைக்கும் என்று சொன்னேன். அவர் அந்த ஷீட்டை நாலாக மடிக்கப் போய், நிறுத்தி, மடிக்காமல் பையன் கையில் கொடுத்தார். கிழக்கே லேசாக மேகம்.

"பாத்தி 24-ல நிக்குது. ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்" என்று எழுந்தார். டீக்காசை என்னைக் கொடுக்க விடவில்லை.